பியோர்டுகளின் ஆழ்நீரும் பருவங்களும்

நார்வே நாட்டின் மேற்குக் கரையைத் தேசப்படத்தில் நோக்குவோர்க்கு முதலில் புலப்படுவன, உளி கொண்டு செதுக்கினாற்போல் மலைகளினூடே நிலத்தினுள் நெடுந்தூரம் நுழைந்து கிடக்கும் குறுகிய கடற்கைகளே. இவற்றை அந்நாட்டார் பியோர்டுகள் என வழங்குகின்றனர். தமிழில் இதனை நுழைகழி என்று எழுதுவாரும் உளர். ஆயினும் கழி என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது இடுப்பளவு ஆழமே உள்ள உப்பங்கழியாதலின், ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடைய நீர்நிலைக்கு அச்சொல் பொருந்துமா என்பது ஐயத்திற்குரியது. ஆகவே இக்கட்டுரையில் பியோர்டு என்னும் சொல்லையே ஆளுவோம்.

நார்வேயிலுள்ள சோக்னே பியோர்டு சுமார் 200 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் மிகையான ஆழம் 1,300 மீட்டருக்கும் மேல். ஆனால் அது கடலுடன் கலக்கும் வாயிலில் ஆழம் 200 மீட்டரைக்கூட எட்டுவதில்லை. இவ்வமைப்பே பெரும்பாலான பியோர்டுகளின் சிறப்பியல்பு. பண்டைப் பனியூழிகளில் மலையிலிருந்து இறங்கிய பனிக்கட்டியாறுகள் பள்ளத்தாக்கின் அடியை ஆழமாகக் குடைந்தன. கடலருகே வந்ததும் அவற்றின் வலிமை குன்றியது. அங்கே குடையாது விடப்பட்ட பாறையும், பனியாறு சுமந்து வந்து குவித்த கல்லும் மண்ணும் குறுக்கே ஒரு மேடாக நின்றன. பனி உருகி, கடல் மட்டம் உயர்ந்து, நீர் உட்புகுந்தபோது இம்மேடு நீருக்கடியில் மறைந்தது. வீட்டின் வாயிற்படி போன்று பியோர்டின் வாயிலில் கிடப்பதால் இதனை வாயிற்படி என்றே குறிப்பிடலாம். நார்வேயில் மட்டுமன்றி, ஸ்காட்லாந்து, கிரீன்லாந்து, அலாஸ்கா, கனடாவின் பசிபிக் கரை, சிலி நாட்டின் தென்பகுதி, நியூஸிலாந்தின் தென்மேற்கு மூலை ஆகிய இடங்களிலும் இத்தகைய பியோர்டுகள் உள்ளன.

மேலே ஓடுவதும் கீழே தேங்குவதும்

பியோர்டின் நீர் ஒரே தன்மையதன்று. மலையாறுகள் கொணரும் நன்னீர் இலேசானது. அது மேற்பரப்பில் சில மீட்டர் கனமுள்ள படலமாகப் பரவிக் கடலை நோக்கி ஓடுகிறது. ஓடும்போது தனக்குக் கீழுள்ள உவர்நீரில் ஒரு பகுதியையும் சேர்த்து இழுத்துச் செல்கிறது. இவ்வாறு வெளியேறிய உவர்நீரை ஈடுசெய்யக் கடலிலிருந்து நீர் உள்நோக்கி வருகிறது. எனவே மேலே வெளியோட்டமும் அதனடியில் உள்ளோட்டமும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. பனி உருகும் வேனிற்காலத் தொடக்கத்தில் இவ்வோட்டங்கள் மிகுந்தும், ஆறுகள் உறையும் குளிர்காலத்தில் குறைந்தும் காணப்படும்.

இவை யாவும் வாயிற்படிக்கு மேலுள்ள நீரின் வரலாறு. அதற்குக் கீழுள்ள நீரின் நிலை வேறு. அது கிணற்று நீரைப்போல் நான்கு புறமும் அடைபட்டது. வெளிக்கடலுடன் பக்கவாட்டில் அதற்குத் தொடர்பில்லை. மேலுள்ள இலேசான நீர் மூடிபோல் அமைந்திருப்பதால் காற்றுடனும் தொடர்பில்லை. மேற்பரப்பில் வாழும் மிதவை உயிர்கள் மடிந்தும், இலைச்சருகுகள் அடித்து வரப்பட்டும் இடையறாது கீழே இறங்குகின்றன. அவற்றைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் ஆழ்நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் செலவிடுகின்றன. வரவில்லாத செலவு எத்தனை நாள் நடக்கும்?

பத்து டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள கடல்நீர், காற்றுடன் கலந்திருக்கும் நிலையில், லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்திருக்கும். இது 3 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான மீன்களும் இறால்களும் அவ்விடத்தை விட்டு அகலத் தொடங்கும். அகல இயலாத புழுக்களும் சிப்பிகளும் மடியும். பிராணவாயு அறவே தீர்ந்தபின், பாக்டீரியாக்களில் வேறு சில வகைகள் முதலில் நைட்ரேட்டையும், பின்னர்க் கடல்நீரில் ஏராளமாக உள்ள சல்பேட்டையும் பயன்படுத்திக்கொள்கின்றன. சல்பேட்டு சிதைந்து ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு பிறக்கிறது. அழுகிய முட்டை நாற்றமுள்ள இவ்வாயு கலந்த நீரில் மீனினம் எதுவும் உயிர் வாழ்தல் அரிது. நார்வேயின் தென்கோடியிலுள்ள பிராம்வாரன் என்னும் பியோர்டு 183 மீட்டர் ஆழமுடையது. அதன் வாயிற்படியோ வெறும் 2 மீட்டர் ஆழத்தில் உள்ளது. அங்கே சுமார் 20 மீட்டருக்குக் கீழ் நீர் முழுவதும் சல்பைடு நிறைந்ததே. அதன் செறிவு கருங்கடலில் உள்ளதைப் போல் பன்மடங்காகும். இத்தகைய காற்றோட்டமற்ற நார்வே பியோர்டுகளின் நீரையும் அடிச்சேற்றையும் ஆராய்ந்து காரே ஸ்த்ரோம் என்பார் 1936-இல் வெளியிட்ட நூல் இத்துறையில் முன்னோடியாகக் கருதப்படுகிறது.

பழைய நீர் எப்போது வெளியேறும்?

அடைபட்ட நீர் என்றென்றும் அடைபட்டே இருப்பதில்லை. வாயிற்படியின் மட்டத்திற்கு வெளியே நிற்கும் கடல்நீர், உள்ளே தேங்கிய ஆழ்நீரைவிட அடர்த்தி மிகுந்ததாக ஆகும் தருணம் ஒன்று வரும். அப்போது வெளிநீர் படியைத் தாண்டி உட்சரிவில் வழிந்து, பள்ளத்தின் அடியை அடைந்து, பழைய நீரை மேலே தூக்கிவிடும். இதனை ஆழ்நீர்ப் புதுப்பிப்பு எனலாம்.

இதற்கு இரண்டு செயல்கள் ஒத்துவர வேண்டும். ஒன்று, வெளிநீரின் அடர்த்தி கூடுதல். மற்றொன்று, உள்நீரின் அடர்த்தி குறைதல். இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஓதநீர் நாள்தோறும் படியின் மீது ஏறி இறங்கும்போது, ஆழ்நீரினுள்ளே கண்ணுக்குப் புலனாகாத அலைகளை எழுப்புகிறது. அவ்வலைகள் சரிவுகளில் மோதிக் கலங்குவதால், மேலுள்ள உப்புக் குறைந்த நீர் சிறிது சிறிதாகக் கீழே கலக்கிறது. மாதங்கள் செல்லச் செல்ல ஆழ்நீர் இலேசாகிக்கொண்டே வருகிறது. பூட்டை உள்ளிருந்தே சிறுகச் சிறுகத் தளர்த்தும் வேலை இது.

பள்ளி ஆசிரியர்கள் இதனை ஒரு கண்ணாடித் தொட்டியில் மாணவர்க்குக் காட்டலாம். தொட்டியின் நடுவே, பாதி உயரத்திற்கு ஒரு பலகையை நிறுத்தி, விளிம்புகளைக் களிமண்ணால் நன்கு அடைத்துவிட வேண்டும். ஒருபுறத்தில் நீலச் சாயமிட்ட உப்புநீரைப் பலகையின் உச்சி மட்டம்வரை ஊற்றுக. மறுபுறத்தில் நன்னீரை அதே மட்டத்திற்கு நிரப்பி, பின்னர் ஒரு தக்கைத் துண்டை மிதக்கவிட்டு, அதன்மேல் மெல்ல ஊற்றி, இருபுறத்தையும் மூடுமாறு நன்னீரைப் பலகைக்கு மேல் நான்கு விரற்கடை உயர்த்துக. இப்போது சிவப்புச் சாயமிட்ட, நீலநீரைவிட உப்புக் குறைந்த நீரை, நன்னீர்ப் பகுதியின் அடிக்கு ஒரு குழாய் வழியாகச் செலுத்தினால், அது மெல்ல உயர்ந்து, பலகையைத் தாண்டி, நீலத்தின் மேல் படலமாகப் பரவிப் போய்விடும், நீலம் அசையாது. அடுத்து, உப்பை இருமடங்காக்கிச் செலுத்தினால் சிவப்புநீர் பலகையின் மறுபக்கத்தில் சரிந்து இறங்கி, நீலத்தைத் தூக்கி மேலே தள்ளும். அவசரப்பட்டு ஊற்றினால் எல்லாம் ஊதாவாகிவிடும் என்பதைச் சொல்லிவைப்பது நன்று.

அடர்த்தியைப் பற்றி மாணவர்க்கு ஏற்படும் ஒரு மயக்கத்தையும் இங்கே நீக்கலாம். நன்னீர் 4 டிகிரி சென்டிகிரேடில் மிகை அடர்த்தி அடைகிறது என்று பாடநூலில் படித்தவர்கள், கடல்நீரும் அவ்வாறே என எண்ணுவர். ஆயிரத்துக்கு 24.7 பங்குக்கு மேல் உப்புள்ள நீர் உறையும் வரையில் அடர்த்தியில் கூடிக்கொண்டே போகும். எனினும் குளிர்ந்த பியோர்டு நீரில் வெப்பநிலையைக் காட்டிலும் உப்பின் அளவே அடர்த்தியைப் பெரிதும் நிர்ணயிக்கிறது.

சுவீடனில் ஒரு வழக்கம், கனடாவில் மற்றொன்று

புதுப்பிப்பு எப்பருவத்தில் நிகழும் என்பதற்குப் பொதுவிதி கூற இயலாது. அது பியோர்டைப் பொறுத்ததன்று. வெளியே நிற்கும் கடலைப் பொறுத்தது. இதற்கு இரண்டு சான்றுகளைக் காண்போம்.

சுவீடன் நாட்டின் மேற்குக் கரையில் உள்ளது குல்மர் பியோர்டு. அதன் படி சுமார் 43 மீட்டர் ஆழத்திலும், பள்ளம் ஏறத்தாழ 120 மீட்டர் ஆழத்திலும் உள்ளன. பால்டிக் கடலிலிருந்து வரும் உப்புக் குறைந்த நீர் மேலேயும், ஸ்காகராக் கடலின் நீர் நடுவிலும், ஆயிரத்துக்கு 34 பங்குக்கு மேல் உப்புள்ள நீர் அடியிலுமாக மூன்று அடுக்குகள் அங்கே தெளிவாகப் பிரிந்து நிற்கும். குளிர்காலத்தின் பிற்பகுதியிலும் இளவேனிலிலும், காற்று மேல்நீரைக் கரையிலிருந்து அப்பால் தள்ளும்போது, கனத்த நீர் படியின் மட்டத்திற்கு உயர்ந்து உள்ளே வழிகிறது. அதன்பின் கோடை முழுவதும் ஆழ்நீர் தேங்கி, இலையுதிர் காலத்தில் பிராணவாயு மிகத் தாழ்ந்து விடுகிறது.

இப்பியோர்டில் போர்னோ என்னும் தீவில் ஆட்டோ பெட்டர்சன், குஸ்டாவ் ஏக்மன் ஆகிய இருவரும் 1902-இல் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினர். மேற்பரப்பு அமைதியாகத் தோன்றும்போதே, அடுக்குகளின் இடைத்தளம் பல மீட்டர் ஏறி இறங்குவதைப் பெட்டர்சன் அங்கே பதிவு செய்தார். மேலே சொன்ன உள்ளலைகள் இவையே. ஆண்டுதோறும் தவறாது வரும் புதுப்பிப்பு ஒருமுறை தாமதித்தாலும் விளைவு என்ன என்பதை 1979-80 குளிர்காலம் காட்டிற்று. ஆழ்நீரில் பிராணவாயு மிகக் குறைந்து, பள்ளத்தின் அடியில் வாழ்ந்த புழுக்கள், சிப்பிகள் முதலிய பேருயிர்கள் அழிந்தன. ஆனால் மணற்றுகள்களின் இடையே வாழும் நுண்ணிய விலங்குகள் பெரும்பாலும் தப்பின. அடித்தளத்தின் நலத்தை ஏதேனும் ஓரினத்தைக் கொண்டு மட்டும் அளவிடுவோர்க்கு இது ஓர் எச்சரிக்கை.

இனிக் கனடாவின் பசிபிக் கரைக்கு வருவோம். வான்கூவர் தீவின் தென்கிழக்கில் உள்ள சானிச் கடற்கை, சுமார் 24 கிலோமீட்டர் நீளமும் 230 மீட்டரையொட்டிய ஆழமும் கொண்டது. படி ஏறத்தாழ 70 மீட்டர் ஆழத்தில் உள்ளது. இதன் தலைப்பகுதியில் பேராறு எதுவும் கலப்பதில்லை. நன்னீரின் பெரும்பகுதி வாயிலுக்கு வெளியேயுள்ள கவிச்சன், பிரேசர் ஆறுகளிலிருந்தே வருகிறது. ஆதலால் பியோர்டுகளில் வழக்கமாகக் காணும் மேலோட்டமும் இங்கே மந்தமே. ஆண்டின் பெரும்பகுதி ஆழ்நீரில் பிராணவாயு இன்றிச் சல்பைடு நிற்கிறது.

இங்கே புதுப்பிப்பின் பருவம் கோடையின் இறுதியும் இலையுதிர் காலமும் ஆகும். காரணம் வெகுதொலைவில் உள்ளது. கோடையில் வடமேற்குக் காற்று பசிபிக் கரையோரத்து மேல்நீரை அப்பால் ஒதுக்க, குளிர்ந்த கனத்த கீழ்நீர் மேலெழுகிறது. அது ஜுவான் டி ஃபூகா ஜலசந்தி வழியாக உள்ளே ஊர்ந்து வருகிறது. இடையிலுள்ள தீவுக்கூட்டங்களின் குறுகிய வாய்க்கால்களில் ஓதம் அதனைக் கலக்கி அடர்த்தியைக் குறைத்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை அடுத்து ஓதம் வலுத்திருக்கும்போது கலக்கம் மிகுதி. அஷ்டமியை ஒட்டி ஓதம் தணிந்திருக்கும் நாட்களில் கனத்த நீர் கலங்காது நழுவி வந்து சானிச் படியைத் தாண்டுகிறது. நம் கடற்கரை மீனவர் வலையிறக்கும் நாளைப் பிறைபார்த்துத் தேர்வதுபோல், இப்பள்ளமும் பிறைபார்த்தே புதுநீர் பெறுகிறது எனலாம்.

புதுநீர் வருவது நன்மையே எனினும் அதில் ஓர் இடருண்டு. தூக்கி எறியப்படும் பழைய நீர் மறைந்துவிடுவதில்லை. பிராணவாயு குறைந்த அந்நீர் நடு ஆழங்களுக்கு உயர்ந்து, அங்கே வாழும் இறாலையும் மீனையும் மேற்பரப்பை நோக்கி நெருக்குகிறது. 2006-இல் விக்டோரியா பல்கலைக்கழகத்தார் இக்கடற்கையின் அடியில் மின்கம்பி வழியே கரையுடன் இணைந்த கருவிகளை அமைத்தபின், இம்மாற்றங்களை நாழிகைதோறும் காண முடிந்துள்ளது.

உயிரற்ற அச்சேறும் பயனற்றதன்று. கிளறுவதற்குப் புழுக்கள் இல்லாமையால், இளவேனிலிலும் கோடையிலும் வீழும் டயாட்டம் ஓடுகள் வெளிறிய படலமாகவும், குளிர்கால மழை அடித்துவரும் மண் கருத்த படலமாகவும் ஆண்டுக்கு ஒரு சோடி வீதம் கலையாமல் படிந்துள்ளன. மரத்தின் வளையங்களை எண்ணுவதுபோல் இவற்றை எண்ணலாம். 1996-இல் ஆழ்கடல் துளையிடும் கப்பல் ஒன்று இங்கு வந்து நூறு மீட்டருக்கும் அதிகமான நீளத்திற்குச் சேற்றுத் தூண்களை எடுத்தது. அவற்றில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய மீன்களின் எலும்புகளும் கிடைத்துள்ளன.

கழிவும் காற்றும்

இத்தகைய நீர்நிலையில் ஊர்க்கழிவையோ ஆலைக்கழிவையோ விடுவது, மூடிய அறையில் அடுப்பு மூட்டுவதை ஒக்கும். வான்கூவர் தீவின் மேற்கிலுள்ள ஆல்பர்னி கடற்கையில் காகிதக்கூழ் ஆலையின் கழிவு என்ன செய்யும் என்று ஜான் டல்லி முன்கூட்டியே கணித்து 1949-இல் வெளியிட்ட ஆய்வு, பியோர்டு நீரியலைத் தொழில் திட்டத்திற்குப் பயன்படுத்திய முன்மாதிரியாகும். ஆஸ்லோ நகரை அடுத்த உட்பியோர்டின் படி சுமார் 20 மீட்டர் ஆழத்திலேயே உள்ளமையால், நகரக் கழிவு அதன் ஆழ்நீரை நெடுங்காலம் வருத்தியது.

பரிகாரம் தேடியவர்களும் உண்டு. சுவீடனில் உத்தவல்லா நகரையொட்டிய பை பியோர்டில் 2010 முதல் 2012 வரை ஒரு சோதனை நடந்தது. மேற்பரப்பு நீரை இறைவைப் பொறிகொண்டு ஆழத்திற்குச் செலுத்தினர். பிராணவாயுவை நேரடியாகக் கீழே அனுப்புவதே நோக்கம் என்று மேலோட்டமாக நோக்குவோர் கருதுவர். உண்மையில் பெரும்பயன் வேறு வழியில் வந்தது. உப்புக் குறைந்த மேல்நீர் கலந்ததால் ஆழ்நீர் இலேசாயிற்று. இலேசானவுடன் வெளிக்கடல் நீர் தானாகவே அடிக்கடி படியைத் தாண்டி உட்புகுந்தது. பூட்டைத் தளர்த்திக் கொடுத்தனர். கதவை இயற்கையே திறந்தது. ஆயினும் கழிவின் வரவைக் குறைக்காமல் இறைவைப் பொறியை நம்பியிருப்பது அறிவுடைமை ஆகாது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

களப்பணியாளர்க்கு இங்கே ஒரு சொல். ஆண்டுக்கு ஒருமுறை, வசதியான கோடை நாளில், மேற்பரப்பு நீரை மட்டும் எடுத்து ஆராய்ந்தால் பியோர்டு முழுநலத்துடன் இருப்பதாகவே தோன்றும். பல ஆழங்களில், தேக்கத்தின் இறுதியிலும் புதுப்பிப்பின் பின்னும் மாதிரி எடுத்தாலன்றி உண்மை புலனாகாது. கரைந்த பிராணவாயுவை அளக்க வின்க்ளர் 1888-இல் வகுத்த முறை இன்றும் ஆட்சியிலுள்ளது. நீரைக் குப்பியில் காற்றுக்குமிழியின்றி நிரப்பி, அங்கேயே மாங்கனீசு உப்பையும் காரங்கலந்த அயோடைடையும் சேர்க்க வேண்டும். பிராணவாயு இருந்தால் வீழ்படிவு பழுப்பாகும். இல்லையேல் வெண்மையாகவே நிற்கும். கேரளக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் பிராணவாயு குறைந்த கீழ்நீர் கரையோரத் திட்டுக்கு ஏறி வருவதை அளப்பதற்கும் இதே முறை உதவுகிறது. அங்கே வாயிற்படி இல்லை. எனினும் காற்று மேல்நீரை ஒதுக்கக் கீழ்நீர் எழுவது என்னும் அடிப்படை ஒன்றே.

படியில்லாத பியோர்டு

எல்லாப் பியோர்டுகளும் படியால் அடைபட்டவை அல்ல. வடதுருவத்தையடுத்த ஸ்வால்பார்டு தீவுகளில், 79 டிகிரி வட அட்சத்தில் உள்ள காங்ஸ் பியோர்டு அத்தகைய திறந்த பியோர்டு. அதன் வாயிலிலிருந்து ஆழமான நீர்க்கீழ்ப் பள்ளம் ஒன்று திட்டின் விளிம்பு வரை செல்கிறது. மேற்கு ஸ்பிட்ஸ்பெர்கன் நீரோட்டம் கொணரும் வெதுவெதுப்பான அட்லாண்டிக் நீர் இப்பள்ளத்தின் வழியே உட்புகும். குளிர்காலத்தில் உள்நீர் உறையும் அளவிற்குக் குளிர்ந்து, பனிக்கட்டி உருவாகும்போது வெளியேறும் உப்பால் கனத்து அடியில் தங்கும். கோடையில் அட்லாண்டிக் நீர் அதனை அகற்றும். இதுவே பழைய ஒழுங்கு. 2006-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் காற்றின் போக்கால் அட்லாண்டிக் நீர் பருவம் தப்பி உள்ளே பெருகியது. அதன்பின் பல குளிர்காலங்களில் அங்கு கடற்பனி முன்போல் உருவாகவில்லை.

உட்பகுதியில் குரோனபிரீன் முதலிய பனிக்கட்டியாறுகள் நேரே கடலில் முடிகின்றன. கோடையில் பனியின் அடிவழியே பாயும் உருகுநீர், கடலடியில் வெளிப்பட்டுக் கொதிநீர் போல் மேலெழும்போது, வெதுவெதுப்பான ஆழ்நீரையும் உடனிழுத்துப் பனிச்சுவரில் மோதச் செய்கிறது. ஆழ்நீர் சில டிகிரி வெப்பம் மிகுந்தால் பனியாறு எவ்வாறு பின்வாங்கும் என்பதற்குக் கிரீன்லாந்தின் யாகப்ஸ்ஹாவன் பனியாறு சான்று. 1997-இல் வெதுவெதுப்பான ஆழ்நீர் அதன் பியோர்டை அடைந்தபின் அது விரைந்து தேய்ந்தது; 2016-ஐ ஒட்டி நீர் மீண்டும் குளிர்ந்தபோது சில ஆண்டுகள் தணிந்து நின்றது.

காங்ஸ் பியோர்டின் தென்கரையில் நி-ஆலசுண்டு என்னும் இடத்தில் இந்தியாவின் ஹிமாத்ரி ஆராய்ச்சி நிலையம் 2008 ஜூலையில் திறக்கப்பட்டது. கோடையில் சென்று அளந்து திரும்பினால் இருள் சூழ்ந்த குளிர்கால மாதங்களின் பதிவு கிட்டாது. இக்குறையை நீக்கவே, சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமும் கோவாவிலுள்ள துருவ ஆராய்ச்சி மையமும் சேர்ந்து அமைத்த இண்டார்க் என்னும் நங்கூரக் கருவித்தொகுதி 2014 ஜூலையில் அங்கு இறக்கப்பட்டது. 192 மீட்டர் ஆழத்தில் நங்கூரம் பதிய, அதிலிருந்து மேல்நோக்கி நிற்கும் வடத்தில் வெவ்வேறு ஆழங்களில் வெப்பநிலை, உப்பு, நீரோட்டம் முதலியவற்றைப் பதியும் கருவிகள் கட்டப்பட்டுள்ளன. மேலே பனி மூடினாலும் அவை அளந்துகொண்டே இருக்கும். பின்வந்த கோடைகளில் வடத்தைத் தூக்கிப் பதிவுகளை எடுத்துக்கொண்டு, மின்கலங்களை மாற்றி, மீண்டும் இறக்கினர்.